செல்ப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியல். வண்டிப்பெரியாறில் பனி கொட்டிக் கொண்டிருந்தது. உள்ளே அத்தை மூச்சுத் திணறலோடு போராடிக் கொண்டிருக்கிறார். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும். மாமா தம்முடைய பழைய அம்பாசிடரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். செல்ப் நன்றாகவே சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும். ஐந்தாவது தடவையில் செல்பின் குரலே மாறிப் போயிற்று. பாட்டரி இறங்கத் தொடங்கிவிட்டது.

சத்தம் கேட்டு அடுத்த லயத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். ஒரு காலத்தில் எஸ்டேட் லாரி ஓட்டியவர். "சாவியை விடுங்க. இன்னும் ரெண்டு தடவை அடிச்சா பாட்டரியும் போயிரும்" என்றார். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் தள்ளி, மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தோளில் கிடந்த துண்டின் காய்ந்த முனையால் மூடியின் உட்புறத்தையும் ரோட்டாரையும் துடைத்தார். ஒயர்களையும் துடைத்து மாட்டினார். "இப்ப அடிங்க" என்றார். ஒரே சுற்றில் என்ஜின் பிடித்துக் கொண்டது. அத்தை பிழைத்தார்.

அந்த முதியவர் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் இன்றும் பழைய வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் பலர். அவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைய கூலி நிற்கும். சில நேரம் ஓர் உயிரும் ஊசலாடும். ஆகவே இதைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம்.

எந்த வண்டிகள்?

1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரானது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறு அவதாரம் அது. பம்பாயில் தயாரான பியட், 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியோடு நின்றது. இந்த மூன்றிலும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்த பழைய வண்டிகளைப் பற்றியே இங்கே முக்கியமாகப் பேசுகிறோம். மலையில் ஓடும் டீசல் ஜீப்புக்கும் கடைசியில் ஒரு வார்த்தை உண்டு.

கரண்டில் செல்ப் சுற்றுவது 1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்த வசதி. அதைக் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங் என்பவரே, பாட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் முறையையும் உருவாக்கினார். நம் ஊர்ப் பழைய கார்களில் இருப்பது அந்த ஏற்பாடுதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சாமான் என்பதால் புரிந்து கொள்வதும் எளிது.

முதலில் செல்பின் குரலைக் கேளுங்கள்

செல்ப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, முனகிக் கொண்டு சுற்றுகிறதா? இதுதான் முதல் கேள்வி. முனகினால் பாட்டரியைப் பாருங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி இறுக்குங்கள். பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி பலவீனமாக இருந்தால், இருக்கிற கரண்டை எல்லாம் செல்பே விழுங்கிவிடும். காயிலுக்குப் போதுமானது கிடைக்காது. ஹெட்லைட்டைப் போட்டுக் கொண்டு செல்ப் அடித்துப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கிப் போனால் குறை அங்கேதான்.

இதற்கு நேர்மாறாக, செல்ப் எப்போதும் இல்லாத சுலபத்தோடு 'விர்ர்' என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். மாருதி 800 போன்ற வண்டியில் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் செல்ப் அடிக்க, மற்றவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். உள்ளே ரோட்டார் சுற்றாவிட்டால் பெல்ட்டோ, அம்பாசிடர் போன்ற வண்டியில் செயினோ போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழைப்பதே உத்தமம்.

குரல் சரியாக இருந்தால் இரண்டு சில்லறை விஷயங்களைப் பார்த்து விடுங்கள். டாங்கியில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா? பழைய வண்டியின் முள்ளை நம்பி மோசம் போனவர்கள் ஏராளம். திருட்டுக்குப் பயந்து யாராவது ரகசிய சுவிட்ச் வைத்திருக்கிறார்களா? செகண்ட் ஹாண்டில் வாங்கியவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கரண்டா, பெட்ரோலா?

என்ஜின் பிடிக்க மூன்று வேண்டும்: பெட்ரோல் கலந்த காற்று, அதைக் கொளுத்தத் தீப்பொறி, அந்தக் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன். மூன்றும் உரிய நேரத்தில் சேர வேண்டும். ஓடிக் கொண்டிருந்த வண்டியில் கம்ப்ரஷன் ஒரே இரவில் போவது அபூர்வம். ஆகவே பெரும்பாலும் கேள்வி ஒன்றே: கரண்டா, பெட்ரோலா?

இதற்கு மூக்கே முதல் கருவி. நாலைந்து தடவை செல்ப் அடித்த பிறகு சைலென்சர் பக்கம் போய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக்கை நனைத்திருக்கிறது. வாடையே இல்லை என்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதே சாட்சி.

கரண்டைப் பார்க்கும் விதம்

கழற்றிய பிளக்கை அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு என்ஜினைத் தொடும்படி, திறந்த துவாரத்துக்கு எட்டவே வைத்துவிட்டு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. 'டிக் டிக்' என்று நீலப் பொறி பாய்ந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். வரவே இல்லை என்றால் ஒரு படி பின்னால் போங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும், காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை உருவி, ரப்பர் கைப்பிடி போட்ட குறட்டால் பிடித்து, என்ஜின் இரும்புக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தள்ளிக் காட்டுங்கள். பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டுமே இந்தச் சோதனை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் செய்யக் கூடாது. இங்கே பொறி வருகிறது, பிளக்கில் வரவில்லை என்றால் குற்றவாளி மூடியோ ரோட்டாரோதான். மூடியின் உள்ளே மயிரிழை போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். கரண்ட் அந்த வழியாகக் கசிந்து போகிறது. மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கரித்துண்டு தேய்ந்து போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காயில் ஒயரிலேயே பொறி இல்லையா? இரண்டு ஒயர் கட்டிய ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். சாவியைப் போட்டுவிட்டு, பல்பின் ஒரு முனையை என்ஜின் இரும்பிலும் மறுமுனையைக் காயிலில் சாவியிலிருந்து ஒயர் வந்து சேரும் இடத்திலும் வையுங்கள். எரியவில்லை என்றால் சாவியிலிருந்து கரண்ட் வரவில்லை. சுவிட்ச், ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். எரிந்தால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர் முனைக்கு மாற்றுங்கள். செல்ப் அடிக்கும்போது பல்பு மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடி வேலை செய்கிறது. அணையாமல் எரிந்து கொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது முகத்தில் கரி படிந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது.

பாயிண்ட் முகத்தை நயமான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். காமின் உச்சியில் பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி சிறிது மாறும். கையேடு இருந்தால் அதன்படியே வையுங்கள். பாயிண்ட் அடிக்கடி குழி விழுந்து கருகினால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். சிறிய சாமான்தான், வண்டியில் ஒன்று ஸ்பேராக வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

காயில் செய்யும் ஒரு விஷமம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகும், சூடானால் நின்றுவிடும், அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் மறுபடி கிளம்பும். தொட்டால் கை சுடும் காயிலில் பொறி வராமல், ஆறிய பின் வந்தால் அதை மாற்ற வேண்டியதுதான்.

பெட்ரோலைப் பார்க்கும் விதம்

முதலில் காயிலின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனை என்ஜின் இரும்பைத் தொடும்படி ஒதுக்கி வையுங்கள். பொறி பறக்கக் கூடாது. பிறகு கார்புரேட்டரில் வந்து சேரும் பெட்ரோல் குழாயை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். பம்பு நன்றாக இருந்தால் விட்டு விட்டுப் பெட்ரோல் பீச்சும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களை அந்தப் பக்கமே அண்டவிடாதீர்கள்.

பெட்ரோல் வராவிட்டால் பில்டர் அடைப்பு, பம்பின் டயாப்ரம் கிழிசல், ரப்பர் குழாயில் வெடிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். குழாயில் வெடிப்பு இருந்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். நான்காவதாக, யாரும் சந்தேகப்படாத இடம் ஒன்று உண்டு: டாங்கி மூடி.

கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவரின் பத்மினி பத்து மைல் ஓடும், பிறகு நிற்கும், செல்ப் மட்டும் சுற்றும். ஓர் ஒர்க்ஷாப்பில் புதுப் பாட்டரி போட்டார்கள். காயில் மாற்றினார்கள். பிறகு பம்பையும் மாற்றினார்கள். ஒரு நாள் வழியில் நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று அவர் டாங்கி மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. அடுத்த சாவிக்கு வண்டி பிடித்துக் கொண்டது! மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அழுக்கால் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? ஒரு குண்டூசி செய்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் மூன்று சாமானுக்குப் பணம் கொடுத்திருந்தார். சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றுவது ரிப்பேர் ஆகாது, சூதாட்டம்தான்.

பெட்ரோல் கார்புரேட்டர் வரை வருகிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது ப்ளோட் ஊசி ஒட்டிக் கொண்டிருக்கலாம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ப்ளோட் அறையின் மேல் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்திருந்தால் சோக்கை முழுக்கத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக் கொண்டு ஐந்தாறு விநாடி செல்ப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடுவது கூடாது; பல கார்புரேட்டர்களில் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீச்சும். அம்பாசிடரில் வந்த எஸ்.யு. கார்புரேட்டரில் அந்தப் பீச்சும் பம்பு கிடையாது. அதில் எத்தனை தடவை மிதித்தாலும் கால்வலிதான் மிச்சம். குளிரில் சோக்கை இழுப்பதே வழி.

நம் மலையும் நம் வெயிலும்

ஒரே வண்டி போடியில் ஒரு மாதிரியும் மூணாறில் ஒரு மாதிரியும் நடந்து கொள்வதற்குக் காரணம் உண்டு. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக வைத்த கார்புரேட்டர் மேலே போனதும் காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோலைக் கொட்டும். பிளக் கறுக்கும். விடியற்குளிரில் சோக் தேவைதான். ஆனால் என்ஜின் பிடித்ததும் சிறிது சிறிதாகத் தள்ளிவிட வேண்டும்.

போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மதிய வெயிலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக் கொண்டு ஏறுகிற வண்டி, மேலே டீக்குடிக்க நிறுத்தியதும் பானெட்டுக்குள் இன்னும் சூடாகும். காற்றோட்டம் நின்றுவிடுகிறதல்லவா? குழாயிலும் பம்பிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளும். ஆவியைத் தள்ள அதற்குத் தெரியாது. இதைத்தான் நம் டிரைவர்கள் 'ஏர்லாக்' என்கிறார்கள். செல்ப் அடித்துப் பாட்டரியைத் தீர்க்காமல், பானெட்டைத் திறந்துவிட்டு, பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் ஈரத் துணியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். காயிலிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் தண்ணீர் படக் கூடாது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டுப் பக்கத்திலும், வாளையாறில் லாரி வரிசையில் ஊர்ந்து நிற்கும்போதும் இதே தொல்லை வரும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் பெரும்பாலான பங்க்குகளில் விற்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாயும் டயாப்ரமும் அதற்கென்று செய்தவை அல்ல. நாளடைவில் ஊறி, இளகி, வெடித்துப் போகும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் அடியில் பிரிந்து தங்கும். டாங்கியின் பழைய துருவையும் கிளப்பிவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி செல்ப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு தடவை மாற்றிவிட்டால் நிம்மதி.

டீசல் ஜீப்புக்கு

டீசலில் பிளக் பொறி கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக் கொள்ளும். செல்ப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. பில்டர் மாற்றிய பிறகோ, டாங்கி வறண்ட பிறகோ குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பில்டரின் மேலிருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். நிறுத்தும் கேபிள் பாதியில் மாட்டிக் கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால், குளிர் விடியலில் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

செய்யக் கூடாதவை

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் குனிந்து பார்த்துக் கொண்டே செல்ப் அடிக்கச் சொல்லும் வழக்கம் பலர் முகத்தைப் பொசுக்கியிருக்கிறது. பிளக் ஒயர்களை அடையாளம் வைக்காமல் கழற்றாதீர்கள். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பொறி பாயும் வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் மாருதி 800க்கு 1-3-2. இரண்டு ஒயர் இடம் மாறினால் கார்புரேட்டரில் 'டப் டப்' என்று வெடிக்குமே தவிர வண்டி கிளம்பாது.

மலை இறக்கத்தில் ஆட்களை ஏற்றிக் கொண்டு உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மறையூருக்கும் உடுமலைக்கும் இடையே சின்னாறு வனப் பகுதியில் வண்டி நின்றால், யானை நடமாடும் இடம் அது. பானெட்டைத் திறந்து வைத்துக் கொண்டு ஆராய்ச்சி செய்ய ஏற்ற இடமல்ல. வழியில் வரும் வண்டியில் ஏறிச் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சொல்லுங்கள்.

வழியில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்ல பழக்கம். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போவது கெட்ட பழக்கம். இரவில் பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவன் அதில் விழுவான்.

அன்று முதல் மாமாவின் வண்டியில் டாஷ்போர்டுக்குள் நான்கு சாமான்கள் இருக்கும்: ஒரு பல்பு, ஒரு கண்டென்சர், ஒரு துண்டு எமரித் தாள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு காய்ந்த துணி. அந்தத் துணியை வேறு எதற்காவது எடுத்தால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும்.